ஓரிரு நொடி சுழன்று நிற்கும் கணினி

கேள்வி: ஏழு ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் என் மேசைக் கணினி, இரண்டு வாரங்கள் நிறுத்தி வைத்திருந்த பிறகு இயங்க மறுக்கிறது. பொத்தானை அழுத்தினால் உள்ளே மின்விசிறி ஓரிரு நொடி சுழன்று நின்றுவிடுகிறது; மானிட்டரில் ஒன்றும் தெரிவதில்லை. பழுது பார்ப்பவர் மதர்போர்டு போய்விட்டது என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா? என் கோப்புகள் என்னவாகும்?

பதில்: கோப்புகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவை ஹார்ட் டிஸ்கில் இருப்பவை. பாகங்களையெல்லாம் இணைக்கும் பலகையான மதர்போர்டு பழுதானாலும் அவை அழிவதில்லை. டிஸ்கைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துப் படித்துக்கொள்ளலாம். விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் மூலம் டிஸ்கைப் பூட்டியிருந்தால் மட்டும் 48 இலக்க மீட்புக் குறியீடு தேவைப்படும்; மதர்போர்டில் கை வைப்பதற்கு முன்பே அதைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மதர்போர்டு விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். மற்ற பாகங்கள் ஒவ்வொன்றையும் விலக்கிப் பார்த்த பிறகே அதன் மீது பழி போட முடியும். அந்தச் சோதனை நடந்ததாக உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை.

நீங்கள் பொத்தானை அழுத்தும்போது மதர்போர்டு, 24 பின் (முள்) கொண்ட இணைப்பியில் வழக்கமாகப் பச்சை நிறத்தில் இருக்கும் கம்பியின் வழியாக, கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான பவர் சப்ளையை எழுப்புகிறது. பவர் சப்ளை தன் மின்னழுத்தங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, அரை நொடிக்குள் ‘எல்லாம் சரி’ என்ற சமிக்ஞையை அனுப்புகிறது. அது வரும்வரை ப்ராசசர் வேலையைத் தொடங்காது. எங்காவது ஷார்ட் (குறுக்குச்சுற்று) இருந்தால் பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள உடனே நின்றுவிடும். சுழன்று நிற்பதற்கு இது ஒரு காரணம். தற்காலிக நினைவகமான ரேம் சரியாகப் பொருந்தாவிட்டாலும் சில மதர்போர்டுகள் இப்படியே நின்று நின்று மீண்டும் முயலும். உங்கள் கணினி இரண்டு வாரம் சும்மா இருந்த பிறகு இப்படி ஆனதால், ரேமின் தொடுமுனைகளில் ஈரமோ தூசியோ படிந்திருக்குமோ என்றே எனக்கு முதலில் தோன்றுகிறது.

மின் இணைப்பைப் பிளக்கிலிருந்தே எடுத்துவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கேபினட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ரேமின் இரு முனைகளிலும் உள்ள கொக்கிகளை விடுவித்து அதை வெளியே எடுத்து, தங்க நிறத் தொடுமுனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த, இழை உதிராத துணியால் மெதுவாகத் துடைத்து, உலர்ந்ததும் ‘கிளிக்’ என்ற ஓசை கேட்கும்வரை அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு ரேம்கள் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை, பிறகு ஸ்லாட்டை மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். பொறுமை தேவைப்படும் வேலைதான், ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கழற்றி மாட்டினால், கணினி இயங்கத் தொடங்கினாலும் எதனால் இயங்கியது என்பது தெரியாமலே போய்விடும்.

இதற்கும் அசையவில்லையென்றால் டிஸ்குகள், யுஎஸ்பி சாதனங்கள், கேபினட்டின் முன்பக்க யுஎஸ்பி கேபிள் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். ப்ராசசரிலேயே கிராபிக்ஸ் வசதி இருந்தால் கிராபிக்ஸ் கார்டையும் எடுத்துவிடலாம். முன்பக்க யுஎஸ்பி துளைக்குள் வளைந்துபோன ஒரு சிறு பின்கூட ஷார்ட்டை உண்டாக்கும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ப்ராசசர், அதன் மின்விசிறி, ஒரு ரேம், பவர் சப்ளை ஆகியவற்றோடு மட்டும் கணினி நிற்காமல் ஓடினால், குற்றவாளி கழற்றிய பாகங்களில் ஒன்றுதான். ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டிப் பாருங்கள்.

அப்போதும் நின்றால் பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள். பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் இணைத்து, விசிறி சுழல்வதைக் காட்டி ‘பவர் சப்ளை நன்றாக இருக்கிறது’ என்று சிலர் முடிவு கட்டுவதுண்டு. சுமையில்லாமல் சுழலும் பவர் சப்ளை, சுமை ஏறியதும் துவண்டுவிடலாம் என்பதால் அந்தச் சோதனையை நான் நம்புவதில்லை. நன்றாக இயங்கும் வேறொன்றை இரவல் வாங்கி, 24 பின் இணைப்பியோடு ப்ராசசருக்கு அருகிலுள்ள 4 அல்லது 8 பின் இணைப்பியையும் மறவாமல் பொருத்திப் பார்ப்பதே உறுதியான வழி. எக்காரணம் கொண்டும் பவர் சப்ளையின் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கை எடுத்த பின்னும் அதன் மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கும் அதிகமான மின்னழுத்தம் தேங்கியிருக்கக்கூடும்.

இத்தனைக்குப் பிறகும் அதே நிலைதான் என்றால், மதர்போர்டில் ப்ராசசரைச் சுற்றியுள்ள மின்தேக்கிகளின் தலை உப்பியிருக்கிறதா, கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பழுது பார்ப்பவர் சொன்னது சரியாக இருக்க வாய்ப்பு மிகுதி.

கேள்வி: என் கணினியில் விசிறிகள் நிற்காமல் சுழல்கின்றன, விளக்கும் எரிகிறது. திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. இதுவும் அதே பழுதுதானா?

பதில்: இல்லை. மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா, மதர்போர்டில் உள்ள துளையிலா என்று முதலில் பாருங்கள். கார்டு இருக்கும்போது மதர்போர்டுத் துளை பல கணினிகளில் படம் தராது. அது சரியாக இருந்தால், மேலே சொன்ன முறையிலேயே ரேமைக் கழற்றி மாட்டுங்கள். புதிய மதர்போர்டுகள் பலவற்றில் ப்ராசசர், ரேம், கிராபிக்ஸ் ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சிறு விளக்குகள் உண்டு. எது அணையாமல் எரிகிறதோ அங்கிருந்து தேடலைத் தொடங்கலாம்.