பல்செட்டு போட்ட பிறகு சாப்பாடு ருசிக்காமல் போவது வயதாலா, செட்டாலா?

"அப்பாவுக்கு 74 வயது. பல்செட்டு போட்டதிலிருந்து எதிலும் ருசியே இல்லை என்கிறார். வயசுக் கோளாறா, செட்டுக் கோளாறா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும்தான். ஆனால் நாக்கு செத்துவிட்டது என்று அவர் நினைத்தால் அது தப்பு. நானும் மேலும் கீழும் முழு செட்டு போட்டவன். மன்னார்குடிப் பக்கம், நாக்கு நீளம் என்று வீட்டில் பேர் வாங்கியவன்.

முதலில் காபி. டபராவைத் தொட்டால் விரல் சூடு சொல்லிவிடும். வாயில் ஊற்றினால் மேலே ஒன்றும் தெரியாது. சூடு, வழவழப்பு, சொரசொரப்பு இதையெல்லாம் அறிவதில் மேல் அண்ணத்துக்குப் பெரிய பங்கு. அதை மேல்செட்டின் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் தட்டு மூடிவிடுகிறது. அக்ரிலிக் சூட்டைச் சரியாகக் கடத்தாது. அண்ணாந்து குடிக்கிற நம் பழக்கத்தில் காபி தொண்டைக்குப் போன பிறகுதான் சுடும். சுவை மொட்டுகளோ பெரும்பாலும் நாக்கில் இருக்கின்றன, கொஞ்சம் அண்ணத்தின் பின்பக்க மெத்துப் பகுதியிலும் தொண்டையிலும். தட்டு மூடுவது அநேகமாக அவை இல்லாத இடத்தை. போனது தொடுவுணர்ச்சி, மூளை அதையும் ருசிக் கணக்கிலேயே எழுதுகிறது.

அப்புறம் பல். சொந்தப் பல்லின் வேரைத் தாடை எலும்போடு பிணைக்கும் நாரில் நரம்பு முனைகள் உண்டு. கீரையில் பொடி மணல் கிடந்தாலும் சொல்லிவிடும். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனம்கூடத் தெரியும். பல்லைப் பிடுங்கினால் அந்த நாரும் போச்சு. பிறகு ஈறுதான் செட்டு வழியாக மழுங்கலாக உணர வேண்டும். கடிக்கும் பலமும் ஏறக்குறைய கால்வாசிதான். முறுக்கும் மாவடுவும் பல்லில் நொறுங்குவதுதானே பாதி ருசி! சரியாக மெல்லாவிட்டால் வாசனையும் கிளம்பாது. தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் அந்த வாசனை இல்லாமல் ரசம் ஏது? மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள், புளிப்பும் உப்பும் காரமும்தான் மிஞ்சும்.

வயது முக்கியமாகக் கைவைப்பது இந்த மூக்கில்தான். அறுபது, எழுபதுக்கு மேல் மோப்பம் மங்குகிற அளவுக்கு நாக்கு மங்குவதில்லை. போதாததற்கு ரத்த அழுத்தம், அலர்ஜி என்று போடும் சில மாத்திரைகள் வாயை உலர்த்திவிடும். எச்சில் இல்லாவிட்டால் உப்பு கரைந்து சுவை மொட்டுக்குப் போய்ச் சேராது. கீழ்செட்டு ஈறில் உரசிப் புண்ணும் ஆகும்.

அதனால் அப்பா உப்பு கேட்டால் உடனே அள்ளிப் போடாதீர்கள். எங்கள் வீட்டில் நெய்யில் பெருங்காயமும் மிளகும் கறிவேப்பிலையும் தாளித்து, நான் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் கொட்டுவார்கள். வாசனை ஓடிப்போவதற்குள் வாய்க்கு வந்துவிடும். இரண்டு பக்கமும் சேர்த்து மெல்லப் பழகச் சொல்லுங்கள். முறுக்கை முன்பல்லால் கடித்தால் மேல்செட்டின் பின்பக்கம் அண்ணத்தை விட்டுக் கழன்றுகொள்ளும். ஒடித்து ஓரமாகப் போட்டுக்கொள்ள வேண்டும். வெற்றிலை போடுகிறவர் என்றால் சீவல் துணுக்கு கீழ்செட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்து பாடாய்ப் படுத்தும். பாக்கு வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாவது, விடுவதற்கு இதுவே நல்ல சாக்கு.

மீனில்தான் உண்மையான ஆபத்து. கெண்டை முள் அண்ணத்தில் குத்தினால் துப்பிவிடுவோம். தட்டு மூடியிருந்தால் தெரியாமலே உள்ளே போய்விடும். பல்செட்டுக்காரர்கள் முள்ளை விழுங்கிவிட்டு வருவது டாக்டர்களுக்குப் பழகிய கதை. அப்பாவுக்கு விரால் கொடுங்கள், அதையும் விரலால் பிரித்துப் பார்த்துவிட்டு.

இரவில் செட்டைக் கழற்றித் தேய்த்துக் கழுவித் தண்ணீரில் போட வேண்டும். தட்டுக்கு அடியில் பூஞ்சைத் தொற்று வந்தாலும் ருசி கெடும். வசதியும் தாடை எலும்பும் இடம் கொடுத்தால், இம்பிளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் திருகு) வைத்து அண்ணத்தை மூடாத செட்டு செய்ய முடியுமா என்று பல் டாக்டரைக் கேளுங்கள். முடியாவிட்டால் மேல்தட்டை உலோகத்தில் செய்யலாமா என்று கேளுங்கள்; மெல்லிசாக இருக்கும், சூடும் தெரியும்.