பி.என்.ஆர். வந்துவிட்டது, டிக்கெட் வந்ததா?

பல நாடுகளைச் சுற்றி வர ஒரே டிக்கெட்டாக விற்கும் ‘உலகம் சுற்றும்’ விமான டிக்கெட் பற்றி வந்த கடிதங்களுக்கு, சென்னையில் டிக்கெட் கவுன்டரில் 31 வருடம் வேலை பார்த்தவரின் பதில்கள்.

மகள் அமெரிக்காவில் சான்ஃபிரான்சிஸ்கோ பக்கம் ஃப்ரீமான்டில் இருக்கிறாள், மகன் நியூசிலாந்தில், ஆக்லாந்தில். ஒரே சுற்றில் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வர எனக்கும் என் கணவருக்கும் ஆசை. நான்கு நாளாக வெப்சைட்டோடு மல்லுக்கட்டுகிறேன். ஊர், தேதி, விமானம் எல்லாம் ஏற்றுக்கொள்கிறது. கடைசியில் விலை கேட்டால் ‘கணக்கிட முடியவில்லை’ என்று நின்றுவிடுகிறது. என்ன தப்பு செய்கிறேன்?
— வாசகி, திருச்சி

நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஒரு விமானத்தில் எகானமி என்பது ஒரே வகுப்பு இல்லை. உள்ளுக்குள் பல எழுத்துகளாகப் பிரித்து விற்கிறார்கள். உலகம் சுற்றும் கட்டணத்துக்கு அதில் குறிப்பிட்ட எழுத்துதான் செல்லும். ஒன்வேர்ல்டு என்கிற விமான நிறுவனக் கூட்டணியில் எகானமிக்கு ‘எல்’, பிசினஸுக்கு ‘டி’. விமானத்தில் நாற்பது சீட் காலியாக இருந்தாலும் அந்த எழுத்தில் இடம் இல்லை என்றால், உங்களைப் பொறுத்தவரை அது நிரம்பிய விமானம். ஆறு செக்டாரில், அதாவது ஆறு விமானப் பயணத்தில், ஐந்து சரியாக இருந்து ஒன்று இடித்தாலும் மொத்தக் கணக்கும் நின்றுவிடும். எந்த செக்டார் இடிக்கிறது என்று ஒரு வரி காட்டினால் போதும். அதைக்கூடச் செய்யாமல் வயதானவர்களை நாள் கணக்கில் அலைக்கழிக்கிறார்களே என்று எனக்குக் கோபம் வருகிறது.

வெப்சைட்டை மூடிவிட்டு ஒரு நோட்டை எடுங்கள். சென்னை, ஃப்ராங்க்பர்ட், நியூயார்க், சான்ஃபிரான்சிஸ்கோ, ஆக்லாந்து, சிங்கப்பூர், சென்னை என்று எழுதுங்கள். ஸ்டார் அலையன்ஸ் என்கிற இன்னொரு கூட்டணியின் விமானங்களிலேயே இந்தச் சுற்று முடிந்துவிடும். முதலில் பசிபிக்கைத் தாண்டும் சான்ஃபிரான்சிஸ்கோ - ஆக்லாந்து தேதியைப் பிடியுங்கள். அங்கேதான் விமானங்கள் குறைவு. அது கிடைத்த பிறகு மற்றவற்றை அதற்கேற்ப முன்னே பின்னே நகர்த்தலாம். ஒரு நேரத்தில் ஒரு செக்டாரை மட்டும் மாற்றிப் பாருங்கள். எது இடிக்கிறது என்று தானே தெரிந்துவிடும்.

இந்தச் சுற்று ஏறக்குறைய 25,000 மைல். மைல் கணக்கில் விற்கும் டிக்கெட்டில் 29,000, 34,000, 39,000 என்று தட்டுகள் உண்டு. உங்களுக்கு முதல் தட்டே போதும். ஆக்லாந்திலிருந்து சிட்னி போய் அங்கிருந்து சிங்கப்பூர் வந்தாலும் மைல் கூடுவது மிகச் சொற்பம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். மகள் உங்களை சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்குக் காரில் கூட்டிப்போய் அங்கே விமானம் ஏற்றினால், அந்தத் தரைவழித் தூரமும் கணக்கில் சேரும். திசையையும் மாற்ற முடியாது. அட்லாண்டிக்கை ஒரு தடவை, பசிபிக்கை ஒரு தடவை, அவ்வளவுதான். ஆக்லாந்து போன பிறகு பேரனைப் பார்க்கத் திரும்பவும் அமெரிக்கா போக இந்த டிக்கெட் உதவாது.

பணம் கட்டும் முன் இதே ஊர்களைச் சாதாரண மல்டி சிட்டி டிக்கெட்டாகவும் போட்டு விலை பாருங்கள். இரண்டு மூன்று இடத்தில் மட்டும் இறங்குகிறவர்களுக்கு உலகம் சுற்றும் டிக்கெட்தான் மலிவு என்று சொல்ல முடியாது.

போனில் பேசியவர் எல்லாம் கன்ஃபர்ம் என்றார். பி.என்.ஆர். மெயிலில் வந்துவிட்டது. இனி நிம்மதியாக இருக்கலாமா?
— வாசகர், கோவை

இன்னும் இல்லை. பி.என்.ஆர். என்கிற ஆறு எழுத்து, உங்களுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதற்கான அடையாளம். டிக்கெட் வேறு. அதற்கு 13 இலக்க எண் உண்டு. முதல் மூன்று இலக்கம் டிக்கெட் கொடுத்த விமான நிறுவனத்தைக் காட்டும். 618 என்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 220 என்றால் லுஃப்தான்சா. ஒரு செக்டாருக்கு ஒரு கூப்பன். ஒரு எண்ணுக்குள் நான்கு கூப்பன்தான் அடங்கும். ஆறு செக்டார் என்றால் இரண்டு எண்கள், பதினாறு என்றால் நான்கு எண்கள் வர வேண்டும். எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2017-ல் என் கணவர் ரிட்டயர் ஆனதும் நாங்களும் இப்படி ஒரு சுற்று கிளம்பினோம். சான்ஃபிரான்சிஸ்கோவில் இருந்தபோது என் தங்கைக்கு உடம்பு சரியில்லாமல் போனதால், ஆக்லாந்து விமானத்தை மூன்று நாள் தள்ளிப்போட்டேன். போனில் இரண்டு மணி நேரம். மூன்றாவதாக வந்தவர் “மாற்றியாகிவிட்டது” என்றார். புதுத் தேதியோடு மெயிலும் வந்தது. வெள்ளி இரவு ஏர்போர்ட் கவுன்டரில் என் பெயர் இருந்தது, சீட் எண் இருந்தது, டிக்கெட் இல்லை. தேதியை மாற்றியவர் டிக்கெட்டை ரீஇஷ்யூ செய்யவில்லை, அதாவது புதுத் தேதிக்கு மறுபடி போட்டுக் கொடுக்கவில்லை. கூப்பன் பழைய தேதியிலேயே உட்கார்ந்திருந்தது. டிக்கெட் கொடுத்த நிறுவனத்தைக் கேளுங்கள் என்றது விமானத்தை ஓட்டும் நிறுவனம். இடம் அவர்கள் கையில்தான் இருக்கிறது என்றது டிக்கெட் கொடுத்த நிறுவனம். இரண்டு பெட்டிகளுக்குப் பக்கத்தில் என் கணவர் ஒன்றும் பேசாமல் நின்றுகொண்டிருந்தார். விமானம் போய்விட்டது.

வெள்ளி இரவு ஏறினால் ஆக்லாந்தில் ஞாயிறு காலை இறங்கலாம். தேதிக்கோட்டைத் தாண்டுவதால் நடுவில் சனிக்கிழமை கிடையாது. அந்த ஞாயிறு என் அண்ணன் மகனுக்கு அங்கே கிரகப்பிரவேசம். அதற்காகத்தான் கணக்குப் போட்டு வெள்ளிக்கிழமையைக் கேட்டு வாங்கியிருந்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்தது செவ்வாய்க்கிழமை. வாசலில் கட்டியிருந்த வாழை இலைகள் வாடியிருந்தன.

அதனால் சொல்கிறேன். ஒவ்வொரு தடவை தேதி மாற்றும்போதும் “ரீஇஷ்யூ ஆகிவிட்டதா? டிக்கெட் எண் என்ன?” என்று கேளுங்கள். எண்ணை எழுதிக்கொண்ட பிறகு போனை வையுங்கள். ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் தனித்தனி பி.என்.ஆர். இருக்கலாம், அவற்றையும் கேட்டு வாங்கி, அந்தந்த நிறுவனத்தின் பக்கத்தில் போட்டுப் பாருங்கள்.

சென்னைக்குப் பதில் கொழும்பிலிருந்து தொடங்கினால் விலை குறையும் என்கிறார் நண்பர். உண்மையா?
— வாசகர், நாகர்கோவில்

குறையலாம். ஒரே சுற்றுக்குத் தொடங்கும் நாட்டைப் பொறுத்து விலை மாறும். ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2014 முதல் ஒன்வேர்ல்டில் இருக்கிறது, அதனால் கொழும்பில் தொடங்குவது எளிதுதான். ஆனால் தொடங்கிய நாட்டிலேயே முடிக்க வேண்டும். சென்னை - கொழும்பு போக வரத் தனி டிக்கெட் செலவையும் கூட்டிப் பாருங்கள். அப்புறம், அந்தச் சின்ன விமானம் தாமதமாகி முதல் செக்டார் தவறினால் பெரிய டிக்கெட் முழுவதும் ஆட்டம் கண்டுவிடும். முந்தைய நாளே கொழும்பு போய்த் தங்குங்கள். அந்த ஒரு ராத்திரி ஓட்டல் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஒரு வருடப் பயணம். திரும்பி வரும் தேதிக்கு விமானமே காட்டவில்லை. காத்திருக்க வேண்டுமா?
— வாசகி, மதுரை

வேண்டாம். விமான நிறுவனங்கள் ஏறக்குறைய பதினொரு மாதம் வரைதான் இடத்தைத் திறக்கின்றன. இப்போதைக்குக் கிடைக்கிற கடைசித் தேதியில் போட்டுவிட்டு, பிறகு தள்ளிக்கொள்ளுங்கள். ஊர் மாறாமல் தேதி மட்டும் மாறினால் பெரும்பாலும் கட்டணம் கேட்க மாட்டார்கள். ஊர் மாறினால் கேட்பார்கள், வரியும் மாறும். முதல் விமானம் ஏறிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் சுற்றை முடித்தாக வேண்டும். தேதி தள்ளிய அன்று டிக்கெட் எண்ணை மறக்காதீர்கள்.

நியூயார்க்கிலிருந்து மாப்பிள்ளை காரில் கூட்டிப்போகிறேன் என்கிறார். அந்த ஒரு விமானத்தை மட்டும் விட்டுவிடலாமா?
— வாசகர், தஞ்சாவூர்

சொல்லாமல் விடாதீர்கள். ஒரு கூப்பன் தவறினால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் ரத்தாகிவிடும். கிளம்பும் முன்பே போன் செய்து அந்த செக்டாரைத் தரைவழியாக மாற்றச் சொல்லுங்கள். அதற்குக் கட்டணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். புது டிக்கெட் எண் மெயிலில் வந்த பிறகு காரில் ஏறுங்கள்.