கேஸ் ஷீட் படிக்கறதும் நர்ஸ் வேலைதான் தங்கச்சி

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயசு. பி.எஸ்சி. நர்சிங் முடிச்சுட்டு திருச்சில ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐசியுல 11 வருஷமா இருக்கேன். போன வருஷம் பேஷன்ட்டைத் திருப்பிப் படுக்க வைக்கறப்போ இடுப்புல பிடிச்சுக்கிச்சு, ஸ்கேன்ல டிஸ்க் விலகியிருக்குன்னு வந்துச்சு. கூடப் படிச்சவ ஒருத்தி சென்னைல அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு சிடிஐ வேலை பாக்கறா, டாக்டர்ஸ் எழுதற நோட்ஸை சரிபாக்கற வேலையாம், என்னையும் வரச் சொல்றா. மாமியார் "பேஷன்ட்டைத் தொடாதவ என்ன நர்ஸ்"ங்கறாங்க, எனக்கும் உள்ளுக்குள்ள அதே உறுத்தல். இது கோடிங் வேலையா? ஒரு இன்ஸ்டிட்யூட்ல 80,000 ரூபா கோர்ஸ் சேர்ந்தா வேலை கியாரண்டின்னு சொல்றாங்க, சேரலாமா? (பேர் வேண்டாம், திருச்சி)

பதில்: உங்க மாமியார் சொன்னதுல இருந்தே ஆரம்பிக்கறேன்மா, கடிதத்துல உங்களுக்கு ரொம்ப வலிக்கற இடம் அதுதான்னு தெரியுது.

நான் வார்டுல இருந்த காலம். ராத்திரி 2 மணி இருக்கும், வெளியூர்ல இருந்து ஆம்புலன்ஸ்ல ஒரு பெரியவரைக் கொண்டு வந்து இறக்கினாங்க, ஸ்ட்ரோக் வந்து 3 வாரமா படுக்கையிலயே கிடந்தவர். பெட்ஷீட் மாத்தறப்போ பாத்தேன், இடுப்புக்குக் கீழ உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணு, ஓரமெல்லாம் கறுத்துப்போய் வாடை வேற. டிரஸ்ஸிங் பண்ணேன், சண்டை போட்டு ஏர் பெட் வாங்கினேன், 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வச்சேன், எல்லாம் பண்ணேன், எழுத மட்டும் இல்ல. பக்கத்து பெட்ல ஒருத்தருக்கு ரத்தத்துல ஆக்சிஜன் அளவு இறங்கிட்டே இருந்துச்சு, காலைல எழுதிக்கலாம்னு விட்டது ஹேண்ட் ஓவர்ல வாயால சொன்னதோட போயிடுச்சு. டியூட்டி டாக்டரும் எழுதல. 4வது நாள்தான் கேஸ் ஷீட்ல முதல் தடவையா 'பெட் சோர்'னு, அதாவது படுக்கைப் புண்ணுன்னு வந்துச்சு, அப்போ பேப்பர்படி அந்தப் புண்ணு எங்க வார்டுல வந்த புண்ணு. அவர் மகன் வந்து "எங்கப்பாவ நாலே நாள்ல அழுக வச்சுட்டீங்களே"ன்னு அழுதப்போ என்கிட்ட காட்ட ஒரு வரி இல்ல. அந்தப் பையனை இன்னிக்கு வரைக்கும் மறக்க முடியல.

அதனாலதான் சொல்றேன், கேஸ் ஷீட்டும் பேஷன்ட்டோட உடம்பு மாதிரிதான், அதுலயும் புண்ணு வரும், யாராவது பாத்துச் சொல்லணும். அமெரிக்காவுல இதே விஷயத்துக்கு எவ்வளவு கனம்னு பாருங்க, 2008 அக்டோபர்ல இருந்து ஸ்டேஜ் 3, ஸ்டேஜ் 4னு சொல்ற ஆழமான பெட் சோர் ஆஸ்பத்திரிக்குள்ள வந்ததுன்னா, மெடிகேர்ங்கற அந்த நாட்டு அரசாங்க இன்ஷூரன்ஸ் அதுக்கு எக்ஸ்ட்ரா பணம் தராது, வரும்போதே இருந்ததான்னு ஒவ்வொரு டயக்னோசிஸ்க்கும் குறிக்கணும். புண்ணு இருக்குங்கறதை டாக்டர் எழுதணும், ஆனா அது எந்த ஸ்டேஜ்ங்கறதை நர்சஸ் நோட்ஸ்ல இருந்தே எடுக்கலாம்னு அவங்க கோடிங் விதியே சொல்லுது. நர்ஸ் எழுதற ஒரு வரிக்கு அங்க அவ்வளவு மதிப்பு. மாமியார்கிட்ட இன்னொண்ணும் சொல்லுங்க, விளக்கோட நின்ன நைட்டிங்கேல் அம்மா 1860ல லண்டன்ல நடந்த புள்ளியியல் மாநாட்டுக்கு, எல்லா ஆஸ்பத்திரியும் ஒரே மாதிரி பதிவு எழுதணும்னு ஃபார்ம் போட்டுக் குடுத்தவங்க. அவங்களை யாரும் நர்ஸ் இல்லைன்னு சொன்னதில்ல.

சரி, இது கோடிங் வேலையான்னு கேட்டீங்க. இல்லம்மா. கோடிங் பண்றவங்க டாக்டர் எழுதின வியாதிய பில்லுக்கான கோடு நம்பரா மாத்தறவங்க, எழுதாததை அவங்களா யூகிக்கக் கூடாது. டாக்டரோ தன் பாஷையில எழுதுவார், பாதி மனசுலயே இருக்கும். 1983ல இருந்து மெடிகேர் பேஷன்ட் எத்தனை நாள் படுத்திருந்தார்னு பாக்காம என்ன வியாதிங்கற குரூப்பை வச்சு ஒரு தொகைன்னு குடுக்க ஆரம்பிச்சாங்க, 2007 அக்டோபர்ல கூட இருக்கற சிக்கல்கள் எவ்வளவு கடுமைங்கறதையும் சேர்த்து அந்த குரூப்பை மாத்தினாங்க, 2015 அக்டோபர்ல ஐசிடி-10ங்கற புது வியாதிக் கோடு பட்டியல் வந்து இன்னும் துல்லியமா எழுதியே ஆகணும்னு ஆச்சு. இப்படி ஒவ்வொரு தடவையும் டாக்டர் பாஷைக்கும் கோடர் பாஷைக்கும் நடுவுல பள்ளம் பெருசாகிட்டே போச்சு, அதுல பாலமா நிக்கத்தான் நர்ஸுங்களைக் கூப்பிட்டாங்க, அதுதான் இந்த சிடிஐ வேலை.

வேலை எப்படி இருக்கும்னு ஒரு கேஸ் சொல்றேன், நீங்களே முடிவு பண்ணுங்க. நிமோனியான்னு அட்மிட் ஆன 70 வயசு அம்மா. கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியாட்டினின் முதல் நாள் 0.9, மூணாவது நாள் காலைல 1.9. உள்ள போனது வெளிய வந்தது எழுதற ஐ/ஓ சார்ட்ல யூரின் மணிக்கு 20 மில்லிதான். டாக்டர் எழுதினது ஒரே வரி, 'ரீனல் ஃபங்ஷன் மோசம், ஃப்ளூயிட் குடு, ரிப்பீட் பண்ணு'. இதைப் படிச்சதும் உங்களுக்கு மண்டைல மணி அடிச்சிருக்கும் இல்லையா? 48 மணி நேரத்துல 0.3 ஏறினாலே அக்யூட் கிட்னி இஞ்சுரி (ஏகேஐ), அதாவது கிட்னி திடீர்னு பாதிக்கப்பட்டதுக்கான அளவு, இங்க 1 ஏறியிருக்கு. ஆனா கோடர் அந்த லேப் நம்பரை வச்சு எதுவும் போட முடியாது, டாக்டர் அந்தப் பேரை எழுதணும். ஃப்ளூயிட் குடுத்தும் மூணு நாளா இறங்கலைன்னா கிட்னியோட நுண்குழாய்களே சேதமாகற டியூபுலர் நெக்ரோசிஸ் ஆகியிருக்குமோன்னு அடுத்த கேள்வி வரும், அதையும் ஐசியுல நின்னவதான் யோசிப்பா. 11 வருஷம் மணிக்கு மணி யூரின் அளந்த கண்ணு இருக்கே, அதுதான் இந்த வேலைக்கு மூலதனம். கோடு கத்துக்கலாம், இந்தக் கண்ணை எந்த இன்ஸ்டிட்யூட்டும் விக்காது.

இப்போ நீங்க டாக்டருக்கு அனுப்பற கேள்விக்குப் பேர் க்வெரி. இங்கதான் நம்ம ஊர் நர்ஸுங்க முதல்ல தடுமாறுவாங்க, ஏன்னா நமக்குப் பழக்கம் என்ன, "சார், ஏகேஐன்னு எழுதிடட்டுமா சார்?"னு கேட்டே பழகிட்டோம். அது கூடவே கூடாது. நம்பர்ஸை வைக்கணும், குடுத்த டிரீட்மென்ட்டை வைக்கணும், இதுக்குப் பின்னாடி இருக்கற டயக்னோசிஸ் என்னன்னு கேட்டு, பொருத்தமான சாய்ஸ் சிலதும் 'வேற ஏதாவது', 'சொல்ல முடியாது'ங்கறதும் குடுத்துட்டு விட்டுடணும். இதை எழுதினா ஆஸ்பத்திரிக்குப் பணம் அதிகமா வரும்னு ஒரு வார்த்தை க்வெரில இருக்கக் கூடாது. அதே மாதிரி 'யூரோசெப்சிஸ்'னு நம்ம டாக்டர்ஸும் எழுதறாங்களே, அந்த ஒரு வார்த்தைக்கு ஐசிடி-10ல கோடே கிடையாது, வெறும் யூரின் இன்ஃபெக்ஷனா, அதுல இருந்து உடம்பு முழுக்கப் பாதிக்கற செப்சிஸ் ஆச்சான்னு கேட்டே ஆகணும்.

இன்னொரு பக்கமும் இருக்கு, இதை உங்க ஃப்ரெண்ட் சொல்லியிருக்க மாட்டா. செப்சிஸ்னு பெருசா எழுதியிருக்கும், ஆனா காய்ச்சல் இல்ல, பிபி நார்மல், லாக்டேட் நார்மல், கல்ச்சர்ல ஒண்ணும் இல்ல. அப்பவும் நீங்க கேக்கணும், இது நிஜமாவே செப்சிஸா டாக்டர்னு, அந்தக் கேள்வியால பில் குறையும்னு தெரிஞ்சாலும் கேக்கணும். பில்லை ஏத்தற க்வெரிய மட்டும்தான் அனுப்பணும்னு ஒரு இடத்துல சொன்னாங்கன்னா அந்த இடத்துல இருக்காதீங்க. இல்லாத வியாதிய எழுத வச்சு அரசாங்கப் பணத்தை வாங்கறது அந்த நாட்டுச் சட்டப்படி மோசடி, அதைவிட பெரிசு, அந்தப் பொய் ஒரு பேஷன்ட்டோட ஹிஸ்டரில உக்காந்துக்கும்.

கோர்ஸ் விஷயம். 80,000 கட்டாதீங்க. வேலை கியாரண்டின்னு சொல்லி முன்பணம் வாங்கற இடத்தை நான் நம்ப மாட்டேன், நர்ஸ் படிப்பும் ஐசியு அனுபவமும் இருக்கறவங்களை எடுத்து கம்பெனியே டிரெயினிங் குடுக்கற இடங்கள் இருக்கு, உங்க ஃப்ரெண்ட் எப்படிச் சேர்ந்தான்னு கேளுங்க. சிடிஐ வேலைக்குன்னே சிசிடிஎஸ்னு ஒரு சர்ட்டிஃபிகேட் இருக்கு, அதுக்கு 2 வருஷம் இந்த வேலை பாத்திருக்கணும், அதனால முதல் நாளே அதை வாங்கித் தர்றேன்னு எவனாவது சொன்னா திரும்பிப் பாக்காம வந்துடுங்க. இப்போதைக்கு ஐசிடி-10 கோடிங் விதிமுறைகள் நெட்ல இலவசமா கிடைக்குது, ராத்திரி ஒரு பக்கம் ரெண்டு பக்கம் படிச்சாலே போதும்.

அதுக்கும் முன்னாடி ஒண்ணு பண்ணிப் பாருங்க. உங்க ஆஸ்பத்திரிக்கு என்ஏபிஎச்ங்கற தர அங்கீகாரம் இருக்கா? இருந்தா மெடிக்கல் ரெக்கார்ட் ஆடிட் பண்ணியே ஆகணும், பண்ண ஆள் கிடைக்காம திண்டாடிட்டுதான் இருப்பாங்க. நர்சிங் சூப்பரின்டென்டன்ட்கிட்ட போய் 3 மாசம் அந்த வேலைய நான் பாக்கறேன், இடுப்பும் சரியில்லன்னு கேளுங்க. இன்ஷூரன்ஸ் டெஸ்க்ல போய் எந்த க்ளெய்ம் எதுக்காகத் திரும்பி வந்துச்சுன்னு பாருங்க, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமா இருந்தாலும் தனியார் பாலிசியா இருந்தாலும் பாதி கேள்வி டிஸ்சார்ஜ் சம்மரிய சுத்தித்தான் இருக்கும். 40 கேஸ் ஷீட் படிச்சும் சலிக்கலைன்னா சென்னைக்கு டிக்கெட் போடுங்க. பத்தாவதுலயே தூக்கம் வந்துச்சுன்னா தப்பே இல்ல, டயாலிசிஸோ ஓபி கவுன்சிலிங்கோ வேற வழி பாப்போம், எனக்கு திரும்ப எழுதுங்க.

இடுப்பைப் பத்தி யாரும் சொல்லாததையும் சொல்லிடறேன். தூக்கற வேலை போனா வலி போயிடும்னு நினைக்காதீங்க, 9 மணி நேரம் உக்காந்தே இருக்கறது டிஸ்க்குக்கு வேற விதமான தண்டனை. சேர்றதுக்கு முன்னாடி ஃபிசியோகிட்ட உக்கார்ற முறைய கத்துக்கிட்டுப் போங்க. ஷிஃப்டையும் கேளுங்க, பேஷன்ட் அட்மிஷன்ல இருக்கும்போதே பாக்கற டீம்னா அமெரிக்கப் பகல்தான் உங்க ராத்திரி, பிள்ளைங்க இருந்தா அதை முதல்ல வீட்ல பேசி முடிங்க. ஆபீஸ் ஃப்ளோர்ல போன் கொண்டு போக விட மாட்டாங்க, பேஷன்ட் தகவல் பாதுகாப்புக்காக, ஸ்கூல்ல இருந்து அவசரம்னா யார் நம்பர்னு யோசிச்சு வச்சுக்கோங்க. நர்சிங் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷனை மட்டும் என்ன ஆனாலும் ரினியூ பண்ணாம விட்டுடாதீங்க.

முடிவு பண்ணி ரிசைன் பண்ணீங்கன்னா எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிஃபிகேட்டைப் படிச்சுப் பாத்து வாங்குங்க. வெறும் 'ஸ்டாஃப் நர்ஸ், 11 வருஷம்'னு அடிச்சுக் குடுத்தா திருப்பிக் குடுத்துடுங்க. எந்த ஐசியு, எத்தனை பெட், வென்டிலேட்டர் கேஸ் பாத்தது, இன்-சார்ஜா இருந்த மாசங்கள், எல்லாம் அதுல வரணும், எச்ஆர் முகம் சுளிச்சாலும் நின்னு வாங்கிட்டு வாங்க.