சுமாரான மதிப்பெண், எல்லா நிறத்தவரும் படிக்கும் கல்லூரி: எவ்வளவு கடன் வாங்கலாம்?

கேள்வி: நியூ ஜெர்சியின் சஸ்ஸெக்ஸ் கவுண்டியில் பதினோரு ஆண்டுகளாக வசிக்கிறோம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். ஜிபிஏ (நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) 2.8. சிறு வயதிலிருந்தே வகுப்பில் வெள்ளையர் அல்லாத பிள்ளை அவள் ஒருத்திதான். "கல்லூரியிலாவது நான் மட்டும் வேறாகத் தெரியாத இடம் வேண்டும்" என்கிறாள். பென்சில்வேனியாவில் ஒரு தனியார் கல்லூரி ஆண்டுக்கு 25,000 டாலர் உதவித்தொகையுடன் இடம் கொடுத்திருக்கிறது. அங்கே மொத்தச் செலவு 71,000. நியூ ஜெர்சியின் பொதுப் பல்கலைக்கழகங்களான ரட்கர்ஸ் நியூவார்க், மான்ட்கிளேர் ஸ்டேட் இரண்டிலும் இடம் கிடைத்திருக்கிறது. இவ்வளவு பெரிய உதவித்தொகையை விடக்கூடாது என்கிறார் கணவர். இருவர் வருமானமும் சேர்த்து 1.18 லட்சம் டாலர். 529 எனப்படும் கல்விச் சேமிப்புக் கணக்கில் 41,000 இருக்கிறது. கிரீன் கார்டு வாங்கிவிட்டோம். மீதிக்குக் கடன் வாங்கலாமா? செங்கல்பட்டில் இருக்கும் மனையை விற்கலாமா?

பதில்: வணக்கம் அம்மா. உங்கள் மகள் கேட்பது சின்ன விஷயமில்லை. இத்தனை ஆண்டுகள் வகுப்பறையில் தனியாக உட்கார்ந்திருந்த பிள்ளை அது. அந்த ஆசையை ஒதுக்கிவிடாமல் கடிதத்தில் எழுதினீர்களே, அதற்காகவே விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

அந்தத் தனியார் கல்லூரியின் பெயரை எனக்கு எழுதியிருந்தீர்கள். இங்கே அதை வெளியிடவில்லை. அவர்கள் அனுப்பிய கையேட்டில் எல்லா நிறத்துப் பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். ஆனால் மத்தியக் கல்வித் துறையின் காலேஜ் நேவிகேட்டர் தளத்தில் அதே கல்லூரியைத் தேடினால், பத்து மாணவர்களில் ஏறக்குறைய எட்டுப் பேர் வெள்ளையர். நீங்கள் எந்தக் கல்லூரியைப் பார்த்தாலும் கையேட்டை மூடிவிட்டு முதலில் இந்தத் தளத்தைத் திறவுங்கள். இன வாரியான மாணவர் விகிதம் அதில் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, எந்த இனத்து மாணவர்கள் எத்தனை சதவீதம் பட்டம் முடித்து வெளியேறுகிறார்கள் என்பதும் இருக்கிறது. வெளிநாட்டு மாணவர்களை அங்கே தனிப் பிரிவாகக் கணக்கிடுகிறார்கள். 'ஆசியர்' என்ற ஒரே சொல்லுக்குள் சீனர், தமிழர், வியட்நாமியர் எல்லோரும் அடங்கிவிடுகிறார்கள். எண்கள் வடிகட்டத்தான் உதவும். அங்கே ஒரு நாள் போய் நிற்பதற்கு ஈடாகாது.

இனி பணம். 71,000 கழித்தல் 25,000, ஆண்டுக்கு 46,000 டாலர். நான்கு ஆண்டுக்கு 1.84 லட்சம். கட்டணம் ஆண்டுதோறும் ஏறும். உதவித்தொகை பெரும்பாலும் முதல் ஆண்டுத் தொகையிலேயே நிற்கும். அந்த ஏற்றத்தை இப்போதைக்கு விட்டுவிடுவோம். 529 கணக்கு முழுவதையும் கொடுத்தால் 1.43 லட்சம் பாக்கி. மகள் தன் பெயரில் வாங்கக்கூடிய மத்திய அரசுக் கடன் முதல் ஆண்டு 5,500, இரண்டாம் ஆண்டு 6,500, பிறகு 7,500 வீதம், ஆக 27,000. இன்னும் 1.16 லட்சம் நிற்கிறது. பெற்றோர் பெயரில் வாங்கும் பேரன்ட் பிளஸ் கடனுக்கு 2026 ஜூலை 1 முதல் உச்சவரம்பு வந்துவிட்டது: ஆண்டுக்கு 20,000, ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000. அதை முழுதாக வாங்கினாலும் 51,000 குறைகிறது. அதற்கு நீங்கள் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய தனியார் கடன்தான் வழி.

பிளஸ் கடனுக்கு 2025-26இல் வட்டி 8.94 சதவீதம். அந்த விகிதத்தில் 65,000ஐப் பத்து ஆண்டில் அடைக்க மாதம் ஏறக்குறைய 820 டாலர் வேண்டும். தனியார் கடனின் தவணையை இதோடு தனியாகக் கட்ட வேண்டும். உங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பு வளர வேண்டிய வயதில் இந்தத் தவணை வந்து உட்காரும். உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்: அந்த 25,000 யாரும் உங்கள் கையில் தரும் பணமில்லை. பட்டியல் விலையைக் கூட்டி வைத்து அதிலிருந்து தரும் தள்ளுபடி அது. தனியார் கல்லூரிகளில் பட்டியல் விலையை முழுதாகக் கட்டுகிறவர்கள் குறைவு. தீபாவளிக்குத் துணிக்கடையில் இந்தக் கணக்கை அவர் நன்றாகவே போடுவார்.

அடுத்து நியூவார்க். நியூ ஜெர்சிவாசிகளுக்கு ரட்கர்ஸ் நியூவார்க்கில் படிப்புக் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 17,000 டாலர். விடுதியும் சாப்பாடும் சேர்த்து 33,000 என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு ஆண்டு விடுதி, பிறகு இரண்டு ஆண்டு வீட்டிலிருந்து போய்வருவது என்றால் பயணச் செலவு உட்பட மொத்தம் 1.02 லட்சத்துக்குள் முடியும். 529 பணமும் மகளின் 27,000 கடனும் போக 34,000 மிச்சம். ஆண்டுக்கு 8,500. இதில் ஆண்டுக்கு 2,500 டாலர் மத்திய வருமான வரிச் சலுகையாகத் திரும்பக் கிடைக்கும். ஒரு நிபந்தனை: கட்டணத்தில் 4,000 டாலரை 529இலிருந்து எடுக்காமல் வேறு பணத்தில் கட்ட வேண்டும். பலர் 529ஐ முதலில் காலி செய்து இந்தச் சலுகையை இழக்கிறார்கள். தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஆக உங்கள் கையிலிருந்து போவது மாதம் 500 டாலர். உங்கள் வருமானத்தில் இதைக் கடனில்லாமல் சமாளிக்கலாம். நியூ ஜெர்சிக்குள் படித்தால் கட்டணத்தில் 10,000 வரை மாநில வரிக்கான வருமானத்திலிருந்து கழிக்கவும் முடியும்.

மான்ட்கிளேரில் கட்டணம் இதைவிடச் சற்றுக் குறைவு. வளாகத்தை ஒட்டியே ரயில் நிலையம் இருக்கிறது. டோவர் ரயில் நிலையத்தில் காரை நிறுத்திவிட்டு ஏறினால் அங்கும் போகலாம், நியூவார்க் பிராட் ஸ்ட்ரீட்டுக்கும் போகலாம்.

நியூவார்க் வளாகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1997 முதல் பல ஆண்டுகள், நாட்டிலேயே இனக் கலப்பு மிகுந்த தேசியப் பல்கலைக்கழகம் என்று, கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தும் யுஎஸ் நியூஸ் பட்டியலில் முதலிடத்தில் இருந்த வளாகம் அது. அந்தக் கலப்பு தானாக வரவில்லை. கறுப்பின மக்கள் நிறைந்த நகரத்தின் நடுவே இருந்தும், அவர்களுடைய பிள்ளைகளில் மிகச் சிலரே அங்கே படித்துக்கொண்டிருந்தார்கள். 1969 பிப்ரவரியில் கறுப்பின மாணவர்கள் காங்க்லின் ஹால் கட்டடத்துக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டு போராடினார்கள். அவர்கள் திறந்த வாசல் வழியாகத்தான் பின்னால் நம் பிள்ளைகளும் உள்ளே போனார்கள். மகளிடம் இதைச் சொல்லிவிட்டு அந்தக் கட்டடத்தைக் காட்டுங்கள்.

கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம்மவர்கள் வீடுகளில் அதைப் பற்றி நிறையப் பேசினார்கள். உங்களுக்கு அது பெரிய பொருட்டில்லை. விண்ணப்பிப்பவர்களில் மிகச் சிலரையே சேர்க்கும் ஹார்வர்டு போன்ற இடங்களின் வழக்கு அது. விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோரைச் சேர்த்துக்கொள்ளும் பொதுக் கல்லூரிகளில்தான் 2.8 வாங்கிய பிள்ளைக்கும் இடம் இருக்கிறது, எல்லா நிறத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மகள் தேடும் கல்லூரியும் உங்கள் கைக்கு எட்டும் கல்லூரியும் இந்த முறை ஒன்றாகவே அமைந்திருக்கின்றன.

ஆனாலும் ஒரு கவலை எனக்கு உண்டு. இந்த இரண்டு வளாகங்களிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாணவர்கள்தான் ஆறு ஆண்டுக்குள் பட்டம் முடிக்கிறார்கள். சுமாராகப் படிக்கும் பிள்ளைக்கு, பட்டம் முடிக்காமல் கடனோடு வெளியே வருவதைவிடப் பெரிய நஷ்டம் கிடையாது. முதல் ஆண்டுக் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் இலவசப் பயிற்சி எங்கே கிடைக்கிறது, வாரத்தில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். நியூவார்க்கில் பலர் வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள். மாலையில் வளாகம் காலியாகிவிட்டால் நட்பு எங்கே அமையும்? அதற்காகத்தான் முதல் இரண்டு ஆண்டு விடுதி என்று கணக்குப் போட்டேன். அந்தச் செலவைக் குறைக்க நினைக்காதீர்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டுக் கூடத்திலும், ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஏழு மணிக்கு விடுதி வாசலிலும் மகளை நிற்க வையுங்கள். யார் யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறார்கள் என்று அவளே பார்க்கட்டும். எந்த வளாகம் என்பதையும் அவளே சொல்லட்டும்.

மனையை விற்க வேண்டாம். வெளிநாட்டில் வசிப்பவர் விற்கும்போது நீண்டகால ஆதாயத்துக்கு இந்தியாவில் 12.5 சதவீத வரியும் மேல்வரிகளும் உண்டு. வாங்குபவர் பணம் தருவதற்கு முன்பே வரியைப் பிடித்துக்கொள்வார். அதே ஆதாயத்தை இங்கேயும் கணக்கில் காட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் அலைச்சல் தப்பாது. மாதம் 500 டாலருக்காக அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

மத்திய அரசின் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்ஸா படிவத்தை இன்னும் நிரப்பவில்லை என்றால் இந்த வாரமே நிரப்புங்கள். உங்கள் வருமானத்துக்கு மத்திய அரசின் பெல் கிராண்ட் என்ற உதவித்தொகை வராது. மாநிலத்தின் கார்டன் ஸ்டேட் கேரன்டி என்ற கட்டண உதவியும் 1 லட்சம் டாலர் வருமானம் வரைதான். ஆனால் அந்தப் படிவம் இல்லாமல் மகளின் 5,500 டாலர் கடனும் கிடைக்காது. கல்லூரிக்கு முன்பணம் கட்ட மே 1 கடைசி நாள். விடுதி விண்ணப்பத்தையும் அன்றே அனுப்பிவிடுங்கள்; தாமதித்தால் அறை கிடைக்காமல் போகலாம்.