பாலைவனத்தில் பல நாள் நடைபயணம்: வழிகாட்டி கூட வந்தால் தண்ணீரைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டாமா?

கவலை குறையும், ஆனால் முழுதாகப் போகாது. வெயிலில் நடப்பவருக்கு நாளுக்கு 4 லிட்டராவது வேண்டும். 5 நாளைக்கு அதுவே 20 கிலோ; கூடாரம், சாப்பாட்டோடு சேர்த்து அதையும் சுமப்பது பெரும்பாலோருக்கு ஆகாத காரியம். அதனால் நல்ல வழிகாட்டிகள் பாதையில் முன்கூட்டியே தண்ணீரைப் பதுக்கி வைப்பார்கள், அல்லது நம்பகமான ஊற்றுகளை ஒட்டிக் கூட்டிப்போவார்கள். எந்த ஏற்பாடு என்று பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், வெறும் தண்ணீரையே அளவில்லாமல் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், மனக்குழப்பம் வரலாம். உப்புள்ள தின்பண்டமும் கூடவே வேண்டும்.

வறண்ட ஆற்றுமணல் படுக்கச் சுகமாகத்தான் தெரியும். ஆனால் தொலைவில் பெய்த மழை, தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளமாக வந்துவிடும். வழிகாட்டி மேட்டில் கூடாரம் போடச் சொன்னால் தயவுசெய்து கேளுங்கள்.