வீட்டில் செய்யும் உல்லன் பாம்பாம் (தொப்பி உச்சியில் வைக்கும் மெத்தென்ற நூல் பந்து) உருண்டையாக வருவதில்லை, உதிர்ந்துகொண்டும் இருக்கிறது. இதற்கென விற்கும் கருவியை வாங்கினால் சரியாகுமா?

சரியாகாது. கருவி நூலைச் சுற்றும் வேலையைத்தான் எளிதாக்கும். பாம்பாம் உதிர்வதோ கட்டு தளர்வதால். நீங்கள் விரல்களிலோ முள்கரண்டியிலோ உல்லனைச் சுற்றி, அதே உல்லனில் ஒரு துண்டை எடுத்து நடுவில் கட்டிவிட்டு, இருபுறமும் கத்தரித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். காணொளிகளில் பெரும்பாலும் அப்படித்தான் காட்டுகிறார்கள். சுற்றுவதை ஆற அமரக் காட்டுகிறவர்கள், முடிச்சுப் போடும் இடம் வந்ததும் படத்தை வேகமாக ஓட்டிவிடுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாளாக உள்ள மனத்தாங்கல்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. என் நாத்தனாரின் மகளுக்கு நான் ஒரு தொப்பி பின்னி, உச்சியில் பாம்பாம் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அதைக் கையில் வாங்கிப் பார்த்த உறவினர் ஒருவர், "என்ன இருந்தாலும் கடைப் பொருளின் நேர்த்தி வராது" என்று என் காதுபடவே சொன்னார். அவர் வாங்கிவந்த கடைத் தொப்பியும் அதே குழந்தைக்குத்தான் வந்து சேர்ந்தது. அந்தக் குழந்தைக்குத் தொப்பியின் விளிம்பைப் பிடித்துக் கழற்றும் பழக்கமே கிடையாது, பாம்பாமைக் கொத்தாகப் பிடித்து இழுத்துத்தான் கழற்றும். கடைத் தொப்பியின் பாம்பாம் சீக்கிரமே மொட்டையாகிவிட்டது. எறியப்போன அதை வாங்கி மடியில் வைத்துப் பிரித்துப் பார்த்தேன். அத்தனை இழைகளையும் சேர்த்துப் பிடித்திருந்தது ஒரே ஒரு சுற்று நூல். அதுவும் இழைகளைப் போலவே இழுத்தால் நீளும் அக்ரிலிக் என்ற செயற்கை நூல். ஓர் இழையை நகத்தால் பிடித்து இழுத்தபோது தடையே இல்லாமல் வந்தது. அது விட்டுச் சென்ற இடைவெளியால் பக்கத்து இழை இன்னும் எளிதாக வந்தது. பாம்பாமில் இழைகள் எதனோடும் பின்னப்படுவதில்லை, தைக்கப்படுவதும் இல்லை. நெருக்கம் ஒன்றே அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால்தான் ஒன்று போனால் மற்றவையும் பின்னாலேயே போகின்றன. கடைப் பொருள் எல்லாமே இப்படித்தான் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் கைக்கு வந்த ஒன்றைப் பற்றி மட்டுமே சொல்கிறேன்.

எனவே, கட்டுவதற்கு நீளாத, அறுந்துபோகாத நூல் வேண்டும். ஆறு இழையும் பிரிக்காத எம்பிராய்டரி நூல் போதும். கொக்கி ஊசியால் பின்னப் பயன்படும் பருத்திக் குரோஷா நூல் அதைவிட நல்லது. பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகு பூசிய நூலான டென்டல் ஃப்ளாஸ்கூட மிக நன்றாகப் பிடிக்கும். முதல் முடிச்சில் நூல் நுனியை ஒரு முறைக்குப் பதில் இரண்டு முறை உள்ளே நுழைத்து முறுக்கி இழுங்கள். அறுவைச் சிகிச்சையில் தையல் போடுகிறவர்கள் பயன்படுத்தும் முடிச்சு இது. இரண்டாவது முடிச்சுக்காகக் கையைத் தளர்த்தும் நேரத்தில் இது நழுவாது. பிறகு நூலின் இரு நுனிகளையும் எதிர்ப்பக்கம் கொண்டுபோய், அங்கேயும் ஒரு முறை அதேபோல் இறுக்கிக் கட்டுங்கள். நூல் விரலில் பதிந்து வலிக்கும் அளவுக்கு இழுத்தால்தான் இறுக்கம் போதும் என்று கொள்ளலாம்.

விரலில் சுற்றியே அழகாகச் செய்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விரலில் சுற்றும்போது கொத்து அகலமாகப் பரவிவிடுவதால் கட்டு நடுவில் விழாமல் போய், பந்து நீள்உருண்டையாக வருகிறது; அதைச் சரிசெய்யக் கத்தரித்துக் கத்தரித்தே பாதி உல்லன் வீணாகிறது. ஒரே அளவில் வெட்டிய இரண்டு அட்டை வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அவற்றின்மேல் உல்லனைச் சுற்றினால் இந்தத் தொல்லை தீரும். விளிம்பிலிருந்து நடுத்துளை வரை இரண்டிலும் ஒரு சிறு பிளவு வெட்டிவிட்டால், நூலைத் துளைக்குள் கோத்துக் கோத்து எடுக்க வேண்டிய அவசியமில்லை. அட்டை எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய பாம்பாம் வரும் என்று பலர் எண்ணி ஏமாறுகிறார்கள். வெளிவட்டத்தின் விட்டம் 8 செ.மீ., துளையின் விட்டம் 2.5 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு இழையும் வெளிவிளிம்பில் தொடங்கித் துளை வழியாகச் சென்று மறுபடி வெளிவிளிம்புக்கு வருகிறது. அதாவது வளையத்தின் அகலமான 2.75 செ.மீ.க்கு இருமடங்கு. ஆகவே கிடைக்கும் பந்து ஏறத்தாழ 5.5 செ.மீ. இருக்கும், கத்தரித்துச் சீராக்கியபின் இன்னும் சிறிது குறையும். துளையைச் சிறிதாக்கினால் இழை நீளும், ஆனால் உள்ளே அடங்கும் நூல் குறைந்து பந்து சோனியாகிவிடும். துளை கிட்டத்தட்ட அடைபடும்வரை சுற்றுவதுதான் அடர்த்திக்கு வழி.

சுற்றி முடித்ததும் இரண்டு அட்டைகளுக்கும் நடுவே கத்தரிக்கோலின் ஒரு முனையை நுழைத்து வெளிவிளிம்பைச் சுற்றி வெட்டுங்கள். கூரான கத்தரிக்கோல் இல்லையென்றால் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே மேல். மழுங்கியது இழைகளை வெட்டாமல் மெல்லும், நீங்கள் இழுக்கும்போது கட்டாத இழைகள் கையோடு வரும். வெட்டியபின் அட்டைகளைச் சற்றே விலக்கி, நடுவில் முன்பு சொன்னபடி கட்டிவிட்டுத்தான் அட்டையை எடுக்க வேண்டும். கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் கருவியும் இதே வளையத்தை இரண்டு பாதிகளாகத் திறந்து மூடும்படி செய்திருப்பதுதான். நிறையச் செய்கிறவர்களுக்கு அது நேரத்தை மிச்சப்படுத்தும், ஆனால் முடிச்சை அதிலும் நம் கையால்தான் போட வேண்டும்.

அட்டையை எடுத்தவுடன் பந்து பரட்டைத்தலையாகத்தான் இருக்கும். உருண்டை வரவில்லை என்று நீங்கள் வருந்துவது இந்த நிலையைப் பார்த்துத்தான் என்று தோன்றுகிறது. கட்டிய நூலின் இரண்டு வால்களையும் ஒரு கையில் பிடித்துத் தொங்கவிட்டு, பந்தைத் திருப்பித் திருப்பிச் சிறிது சிறிதாகக் கத்தரியுங்கள். கம்பளி உல்லனாக இருந்தால் கொதிக்கும் நீரின் ஆவியில் சில நொடிகள் காட்டினால் இழைகள் விரிந்து இடைவெளிகள் மறையும். கையை இடுக்கியால் காத்துக்கொள்ளுங்கள். அக்ரிலிக்குக்கு இந்த வேலை வேண்டாம், மிகுந்த சூட்டில் அது துவண்டு பொலிவிழந்துவிடும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, இந்தச் சிறுபிள்ளை வேலைக்கு இத்தனை விளக்கமா என்று கேட்பவர்கள் வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். பிரெஞ்சுக் கடற்படை மாலுமிகளின் தொப்பி உச்சியில் சிவப்புப் பாம்பாமும், கிரேக்க அதிபர் மாளிகைக் காவலர்களின் காலணி முனையில் கறுப்புப் பாம்பாமும் இன்றும் இருக்கின்றன. அவர்களிடம் போய் அதைச் சொல்லட்டும்.

தொப்பியில் வைப்பதாக இருந்தால் வால்களை வெட்டிவிடாதீர்கள். அவற்றைத் தொப்பிக்குள் இழுத்து, உள்பக்கம் ஒரு தட்டைப் பொத்தானின் துளைகள் வழியாகக் கோத்துக் கட்டினால், இழுவை பொத்தான் முழுவதும் பரவும். துவைக்கும்போது அவிழ்த்து எடுக்கவும் முடியும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொப்பி என்றால் மட்டும் பொத்தான் வேண்டாம், வால்களை நேரே துணியோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள். கையில் வருவதெல்லாம் வாய்க்குப் போகும் வயது அது.