அரசு பெல்லோஷிப்பை நம்பி முழுநேர பிஎச்டியில் சேரலாமா?

சேரலாம். ஆனால் முதல் ஒரு வருடம் கையில் பணமே வராது என்று வைத்துக்கொண்டு, அதைத் தாங்க வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

நீங்கள் கேள்வியில் எழுதாததை நானே ஊகித்துக்கொள்கிறேன். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, இளநிலை ஆய்வாளருக்கான உதவித்தொகையான ஜேஆர்எஃப் வாங்கியிருப்பீர்கள். "மாசம் 37,000 வருமாம்" என்று வீட்டில் ஒருவர் ஊரெல்லாம் சொல்லியிருப்பார். இப்போது ஏதோ ஒரு தனியார் கல்லூரியிலோ பள்ளியிலோ வேலை பார்க்கிறீர்கள். அதை விடலாமா கூடாதா என்பதுதான் உங்களுடைய உண்மையான கேள்வி. நானும் அப்படி ஒரு வேலையை விட்டுவிட்டுத்தான் போனேன்.

விதிமுறையைப் படித்தால் குறை சொல்ல முடியாது. 2023 ஜனவரி 1 முதல் ஜேஆர்எஃப் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து எஸ்ஆர்எஃப், அதாவது முதுநிலை ஆய்வாளர், ஆனதும் 42,000. விடுதி கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப்படி. அறிவியல் பாடம் என்றால் ஆய்வின் சில்லறைச் செலவுக்கான கன்டிஞ்சன்சியாக முதல் இரண்டு வருடம் ஆண்டுக்கு 12,000, அதன்பிறகு 25,000. மொத்தம் ஐந்து வருடம். இதெல்லாம் உண்மைதான். என்றைக்குக் கைக்கு வரும் என்பதுதான் எழுதப்படவில்லை.

என் கதையைச் சொல்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம், எந்த பெல்லோஷிப், எந்த அலுவலகம் என்று பெயர் சொல்லப் போவதில்லை. அங்கே எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் இன்னும் கையெழுத்துக்காக நின்றுகொண்டிருக்கிறார்கள். என் கோபத்துக்கு அவர்கள் விலை கொடுக்கக் கூடாது.

எங்கள் ஊர் ஆரணிப் பக்கம். அப்பா பட்டுத் தறி, அம்மா நூறு நாள் வேலை. கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். உயிரியல் சார்ந்த பாடம். மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் முழுநேர ஆய்வாளராகச் சேர்ந்தபோது, வேறு எங்கும் சம்பளத்துக்கு வேலை செய்ய மாட்டேன் என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இந்த ஒரு தாளை மறக்காதீர்கள். பின்னால் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

முதல் சில மாதங்கள் பணம் வந்தது. பிறகு நின்றது.

மாதாமாதம் நடப்பது இதுதான். நாம் வந்து வேலை செய்தோம் என்று கைடு, அதாவது ஆய்வு நெறியாளர், கையெழுத்துப் போட வேண்டும், அடுத்து துறைத்தலைவர். அந்தத் தாள் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போகும். அங்கே மேக்கர் என்று ஒருவர் போர்ட்டலில் பதிவார், செக்கர் என்று இன்னொருவர் ஒப்புதல் தருவார். அதன்பிறகு டெல்லியில் உள்ள அலுவலகம், வங்கி, கடைசியில் ஆதாரோடு இணைந்த நம் கணக்கு. இதில் ஒரு கை நின்றாலும் எல்லாம் நின்றுவிடும். என் விஷயத்தில் பதிவு செய்துகொண்டிருந்தவர் இடமாற்றலாகிப் போனார். லாகின் யார் பெயரில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அது சரியாவதற்குள் அந்த பெல்லோஷிப்பைக் கையாளும் அலுவலகமே மாறிவிட்டது, புதிய இடத்தில் பழைய ஆவணங்களை மறுபடி கேட்டார்கள். அதையும் கொடுத்து முடித்தபோது "நிதி இன்னும் ரிலீஸ் ஆகலை" என்றார்கள்.

செக்சனில் கேட்டால் "எங்க சைடு எல்லாம் முடிஞ்சுதும்மா, ஃபைல் மேல போயிருக்கு." டெல்லிக்கு போன் போட்டால் எடுக்க மாட்டார்கள், எடுத்தால் "உங்கள் பல்கலைக்கழகத்தைக் கேளுங்கள்." குறைதீர்ப்புத் தளத்தில் புகார் போட்டேன். "சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பப்பட்டது" என்று எழுதி, தீர்க்கப்பட்டது என்றே முடித்துவைத்தார்கள்.

ஒரு நாள் அங்கே இருந்த ஒரு மூத்த அலுவலர் கேட்டார்: "வர வேண்டிய பணம் எங்க போகப்போவுது? நீ ஸ்டூடண்ட் தானே, உனக்கென்ன குடும்பமா?" எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. தம்பி படிப்பு என் தலையில். ஆய்வுக்கான ரசாயனத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தேன். விடுதி மெஸ் பாக்கி ஏறிக்கொண்டே போனது. அம்மா கம்மலையும் சங்கிலியையும் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து அனுப்பிய பணத்தில்தான் அந்த வருடம் ஓடியது. அரியர்ஸ் ஒரே தவணையாக வந்து விழுந்தபோது எல்லோரும் வாழ்த்தினார்கள். அசல் வந்தது, சரி. நகைக்கடனுக்கு நாங்கள் கட்டிய வட்டியை யார் தருவார்கள்?

இதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். அம்மா வேலை பார்த்த ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005-ல் வந்தது. அதில் 15 நாளுக்குள் கூலி தர வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு தர வேண்டும் என்று எழுதியிருந்தது. நடைமுறையில் பலருக்கு அந்த இழப்பீடு கிடைக்கவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் சட்டத்தில் ஒரு தேதி இருந்தது, தவறினால் ஒரு விலை இருந்தது. அதே 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டத்தில் 30 நாளில் பதில் தராத அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம் உண்டு. ஆய்வு மாணவரின் உதவித்தொகைக்கு அப்படி எதுவும் இல்லை. எனக்கு முன்னேற்ற அறிக்கைக்குத் தேதி உண்டு, கோர்ஸ்வொர்க்குக்குத் தேதி உண்டு, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கத் தேதி உண்டு. தவறினால் பதிவே ரத்தாகும். பணம் தர வேண்டிய எந்த மேஜைக்கும் தேதி இல்லை. வேறு வேலை செய்யக் கூடாது என்று எழுதி வாங்குகிற அரசு, இந்தத் தேதிக்குள் தருவேன் என்று பதிலுக்கு எழுதித் தருவதுதானே நியாயம்?

உடனே சிலர் வருவார்கள். "எங்கள் வரிப்பணத்தில் முப்பது வயது வரை படிக்கிறீர்கள், அதற்கு இவ்வளவு பேச்சா" என்று. நான் வாங்கிய சோப்புக்கும் பேனாவுக்கும் வரி கட்டியிருக்கிறேன், அப்பா வாங்கும் ஜரிகைக்கும் கட்டுகிறார். நான் இலவசம் கேட்கவில்லை. தேர்வு எழுதி, தகுதி பெற்று, அரசே எழுத்தில் ஒப்புக்கொண்ட தொகையைத்தான் கேட்டேன். இன்னும் சிலர் "எனக்கு மாதாமாதம் வந்ததே" என்பார்கள். மறுக்கவில்லை. ஐஐடியில் சேர்ந்த என் தோழிக்கு ஒரு மாதம்கூடத் தவறவில்லை. மாநிலப் பல்கலைக்கழகத்தில், அதுவும் கிராமத்திலிருந்து வருகிற பிள்ளைக்குத் தவறுகிறது என்பதுதான் என் வருத்தம்.

கட்சிச் சாயம் பூசுவோருக்கும் சொல்லிவிடுகிறேன். சிறுபான்மை மாணவர்களுக்காக 2009-ல் தொடங்கிய மௌலானா ஆசாத் பெல்லோஷிப்பை, மற்ற திட்டங்களோடு ஒன்றின் மேல் ஒன்று விழுகிறது என்ற காரணம் சொல்லி 2022 டிசம்பரில் நிறுத்துவதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் அறிவித்தது. வெளிநாட்டில் படிக்கும் பட்டியலின மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகைக்கு 2025-ல் 106 பேரைத் தேர்வு செய்துவிட்டு, ஜூலையில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்தார்கள். மற்ற 66 பேருக்கும் நிதி இருந்தால் தரப்படும் என்றார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் செப்டம்பரில் வகுப்பு தொடங்கும் ஒரு பிள்ளை அந்த வரியை எப்படிப் படித்திருக்கும்? மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாத ஆய்வாளர்களுக்கு மாதம் தரும் 8,000 ரூபாயையும் 2015 அக்டோபரில் நிறுத்தப் பார்த்தார்கள். மாணவர்கள் டெல்லியில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் வாசலில் வாரக்கணக்கில் உட்கார்ந்த பிறகுதான் அது நிலைத்தது. நம் மாநிலப் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு அந்த 8,000-மும் கிடையாது.

மாநில அரசு மட்டும் ஒழுங்கா என்றால், இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. யுஜிசியின் 2022 பிஎச்டி விதிமுறைப்படி ஆய்வாளருக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் கற்பிக்கும் பணி தரலாம். அதைப் பயிற்சி என்கிறார்கள். எங்கள் துறையில் பேராசிரியர் இடங்கள் காலி, அதனால் முழுப் பாடத்தையே நாங்கள் எடுத்தோம், விடைத்தாளும் திருத்தினோம். எப்படிக் கற்பிப்பது என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. இப்படித் தேறி, டாக்டர் பட்டத்தோடு வெளியே வந்தால் கிடைப்பது அரசு கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலை. யுஜிசி 2019-லேயே மாதம் 50,000 வரை தரலாம் என்றது. இங்கே கொடுத்தது 25,000, அதுவும் வருடத்தில் 11 மாதம். ஜேஆர்எஃப் வாங்கும் மாணவரைவிட அவருக்குப் பாடம் எடுக்கும் டாக்டருக்குக் குறைவு. நிரந்தரப் பணி என்று பார்த்தால், 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வந்து, ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போனது. அந்த அறிவிப்பை நம்பி வேலையை விட்டுப் படித்தவர்களை எனக்குத் தெரியும். இரண்டு கழகங்களின் ஆட்சியிலும் கௌரவ விரிவுரையாளர்கள் தெருவில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, உங்களிடம் வருகிறேன். சேருவதற்கு முன் அந்தத் துறையில் இப்போது பெல்லோஷிப் வாங்கும் சீனியர் ஒருவரிடம், கடைசியாக எந்த மாதத்துப் பணம் வந்தது என்று கேளுங்கள். கைடு பெரிய ஆளா என்று விசாரிப்பதைவிட இது முக்கியம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் மாநில அரசு முழுநேர ஆய்வாளர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் தருகிறது. வேறு பெல்லோஷிப் வாங்காதவர்களுக்குத்தான், எனவே இரண்டில் எது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஜாய்னிங் ரிப்போர்ட்டிலிருந்து ஒவ்வொரு மாதத் தாளுக்கும் நகல் வைத்து, கொடுத்த தேதியோடு முத்திரை வாங்குங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

பணம் நின்றால் ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்காதீர்கள். தகவல் உரிமை மனு போடுங்கள், மத்திய அலுவலகத்துக்கு 10 ரூபாய்தான் கட்டணம். "ஏன் வரவில்லை" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். "இந்த எண்ணுள்ள என் கோரிக்கை எந்தத் தேதியில் எந்தப் பதவியில் உள்ள அதிகாரியிடம் வந்தது, அவர் எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பினார், கோப்புக் குறிப்பின் நகல் தரவும்" என்று கேளுங்கள். பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, டெல்லிக்கு ஒன்று, இரண்டையும் ஒரே நாளில் அனுப்புங்கள். என் அரியர்ஸ் அப்படித்தான் நகர்ந்தது.